கையெழுத்துக்கு முந்தைய வகுப்பு

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘வாழ்வியல் கணிதம்’ என்று ஓர் இயல் இருக்கிறது. லாபம், நட்டம், தள்ளுபடி, தனிவட்டி, கூட்டு வட்டி எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. அந்தப் பாடத்திட்டத்தில் படித்துக் கல்லூரிக்கு வரும் எவரும் கூட்டு வட்டிச் சூத்திரத்தை ஒருமுறையாவது மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் வாங்கியவர்தான். கடன் அட்டையின் விதிமுறைத் தாளில் ‘மாதம் 3.5 சதவீதம்’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது, ஓராண்டில் நூறு ரூபாய் நிலுவையை 151 ரூபாய் ஆக்கிவிடும் என்று கண்டுபிடிக்க அந்தச் சூத்திரமே போதும். அப்படியிருந்தும் படித்த இளைஞர்கள் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மாதக்கணக்கில் நிலுவையைச் சுமக்கிறார்கள். பதின்மூன்று வயதில் கற்றது இருபத்திரண்டு வயதில், பணம் கைமாறும் அந்த நிமிடத்தில், கூடவே வருவதில்லை. பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பண மேலாண்மையைக் கற்பிப்பது பற்றிய விவாதம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். என்ன கற்பிப்பது என்பதில் பெரிய தகராறு இல்லை. எல்லாப் பாடத்திட்டங்களும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் தருகின்றன. எப்போது கற்பிப்பது, யார் கற்பிப்பது என்ற இரண்டு கேள்விகளும்தான் விடையில்லாமல் கிடக்கின்றன. பாடம் பலன் தருமா தராதா என்பதை முடிவுசெய்பவை அவை இரண்டும்தான்.

முயற்சிகளுக்குக் குறைவில்லை. ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையம் ஆகிய நான்கும் சேர்ந்து நிதிக் கல்விக்கான தேசிய மையத்தை நடத்துகின்றன. 2020 முதல் 2025 வரைக்குமான தேசிய உத்தி ஒன்றும் வெளியிடப்பட்டது. டெல்லிப் பல்கலைக்கழகம் 2022 பாடத்திட்டத்தில் நிதி அறிவை மதிப்புக் கூட்டுப் பாடங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ரிசர்வ் வங்கி தன் தொண்ணூறாம் ஆண்டையொட்டி 2024இல் இளங்கலை மாணவர்களுக்கு நாடு தழுவிய வினாடி வினா நடத்தியது. இவ்வளவுக்கும் நடுவே, தேசிய மையம் 2019இல் எடுத்த கணக்கெடுப்பு இந்தியர்களில் 27 சதவீதம் பேர்தான் நிதி அறிவு பெற்றவர்கள் என்றது. 2013இல் அது 20 சதவீதம். ஆறு ஆண்டுகளில் ஏழு புள்ளி ஏற்றம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் அதிகம். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 ஆக இருந்தபோது நம் மாநிலத்தில் அது 47. கல்லூரி வயதினரில் பாதியை நெருங்கும் கூட்டம் ஒரே கூரைகளின் கீழ் மூன்று நான்கு ஆண்டுகள் கிடைக்கிறது. அவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப்போகிறவர்கள், முதன்முதலாகச் சம்பளச் சீட்டு என்ற ஒன்றைப் பார்க்கப்போகிறவர்கள்.

இத்தகைய கல்வி பயன்படுகிறதா என்ற கேள்வியில் ஆய்வுலகம் பதினைந்து ஆண்டுகளாகச் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறது. டேனியல் ஃபெர்னாண்டஸ், ஜான் லிஞ்ச், ரிச்சர்ட் நெட்மேயர் ஆகிய மூவரும் 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 168 கட்டுரைகளில் அடங்கிய 201 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தது. மனிதர்களின் பண நடத்தையில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில் நிதிக் கல்வி விளக்கக்கூடியது 0.1 சதவீதம் மட்டுமே என்றது அதன் முடிவு. குறைந்த வருமானம் உள்ளவர்களிடம் விளைவு அதைவிடவும் மெலிந்திருந்தது. பல மணி நேரம் நடத்திய பயிற்சிகூட இருபது மாதங்களுக்குப் பிறகு ஏறக்குறையத் தடமில்லாமல் போனது. நிதிக் கல்வியை எதிர்ப்பவர்கள் இன்றும் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தக் கட்டுரையைத்தான். எட்டு ஆண்டுகள் கழித்து, 2022இல், டிம் கைசர், அன்னமரியா லூசார்டி, லூகாஸ் மெங்க்ஹாஃப், கார்லி அர்பன் ஆகியோர் 33 நாடுகளில் நடந்த 76 சமவாய்ப்புச் சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் பங்கேற்றிருந்தார்கள். அறிவிலும் நடத்தையிலும் நல்ல விளைவு இருப்பதாகவும், ஆறு மாதம் வரைக்கும் அது வேகமாகத் தேய்ந்துபோவதற்குச் சான்று இல்லை என்றும் அவர்கள் எழுதினார்கள். ஒரு தரப்பு தோற்றுவிட்டது, மறு தரப்பு வென்றுவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஆறு மாதத்தைப் பேசுகிறது, மற்றது இருபது மாதத்தைப் பேசுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஃபெர்னாண்டஸ் குழுவே தன் கட்டுரையின் முடிவில் கல்வியைக் கைவிடச் சொல்லவில்லை. முடிவெடுக்கும் வேளையை ஒட்டி, அந்த முடிவுக்கான பாடத்தை மட்டும் கொடுக்கலாம் என்ற யோசனையைத்தான் முன்வைத்தது.

இதைக் கல்லூரியின் நாள்காட்டியில் பொருத்திப் பார்த்தால் நாம் செய்துவரும் தவறு தெரியும். முதலாம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் ஓய்வூதியத் திட்டமிடல் பற்றி நடத்தப்படும் வகுப்பு, மாணவர் முதல் சம்பளம் வாங்கும்போது இருபது மாத எல்லையைத் தாண்டிப் பின்னால் போய்விட்டிருக்கும். அதே மாணவர் கல்லூரியில் சேர்ந்த ஜூலை மாதத்திலேயே பல லட்ச ரூபாய்க் கல்விக் கடனுக்குத் தந்தையோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த வாரத்தில் அவருக்கு வட்டியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். தேவைப்பட்டபோது வகுப்பு இல்லை. வகுப்பு நடந்தபோது தேவை இல்லை.

பாடம் தவறான இடத்தில் விழுந்தால் பயனற்றுப் போவதோடு நின்றுவிடுவதில்லை, சில வேளை கெடுதலும் செய்யும். அமெரிக்காவில் ஷான் கோலும் அன்னா பால்சனும் கௌரி கார்த்தினி சாஸ்திரியும் உயர்நிலைப் பள்ளிகளின் கட்டாயப் பாடங்களை ஆராய்ந்தபோது, தனிநபர் நிதிப் பாடத்தால் மாற்றம் எதுவும் தெரியவில்லை. கூடுதலாகக் கணிதம் படித்தவர்கள்தான் பிற்காலத்தில் கடனை ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். 2016இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, கணிதமும் நிதிக் கல்வியும் இளைஞர்களின் கடன் சுமையைப் பொதுவாகக் குறைத்தன, பொருளியல் பாடமோ கடன் தொல்லையைக் கூட்டியது என்றது. பிரேசிலில் 892 பள்ளிகளில், ஏறக்குறைய 25,000 மாணவர்களிடம் நடத்தப்பட்ட பெரிய சோதனையில் மாணவர்களின் சேமிப்பும் திட்டமிடலும் உயர்ந்தன. கூடவே அவர்கள் தவணையிலும் கடனிலும் பொருள் வாங்குவதும் அதிகரித்தது. சந்தையைப் பற்றித் தெரிந்துகொண்டவருக்குச் சந்தையில் நுழையும் துணிவும் வந்துவிடுகிறது. துணிவு அறிவைவிட வேகமாக வளர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்தியாவில் நாம் பெரிய செலவில் கற்றுக்கொண்டிருக்கிறோம். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) பிரிவில் மூன்று நிதியாண்டுகளில் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். ஆளுக்குச் சராசரியாக ஏறக்குறைய 2 லட்ச ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல். முப்பது வயதுக்குட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக ஏறியது. ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழே என்று அறிவித்தவர்கள் முக்கால் பங்குக்கும் மேல். டீமேட் கணக்கு திறக்கவும், வரைபடம் பார்க்கவும், ஆங்கிலக் கலைச்சொற்களைச் சரளமாகச் சொல்லவும் தெரிந்தவர்கள் இவர்கள். நிதி அறிவுத் தேர்வு வைத்தால் பலர் நல்ல மதிப்பெண்ணே எடுப்பார்கள்.

ஆகவே பாடத்தின் வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டியிருக்கிறது. இன்று கல்லூரிகளில் நடக்கும் பயிலரங்குகளில் கூட்டம் சேர்ப்பது முதலீடு. மியூச்சுவல் ஃபண்ட், எஸ்ஐபி, பங்கு. கடனும் ஒப்பந்தமும் கடைசியில், நேரமிருந்தால். இருபது வயதில் இருக்கும் ஒருவரின் வாழ்க்கையில் முதலில் வருவது கடன். முதலீடு வருவதற்குப் பல ஆண்டுகள் இருக்கின்றன, வராமலும் போகலாம்.

கல்விக் கடனையே எடுத்துக்கொள்வோம். இதைவிட நல்ல பாடநூல் வேறு கிடைக்காது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் 2001இல் வந்தது. இன்று அதன்படி ஏழரை லட்ச ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்காமல் கடன் தரலாம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் மாணவரும் பெற்றோரும் ‘படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் கட்ட வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். தவணைதான் நிற்கிறது, வட்டி ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 4 லட்ச ரூபாயை 10 சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டுத் தனிவட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, பிறகு 30,000, 20,000. ஐந்தாம் ஆண்டின் முடிவில் கடன் 5,40,000 ரூபாய். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 7,136 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது எட்டரை லட்சத்துக்கும் மேல். படிக்கும் காலத்தில் வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் அசல் 4 லட்சத்திலேயே நிற்கும், தவணையும் 5,286 ரூபாய்தான். முன்னால் கட்டிய 1.4 லட்சம், பின்னால் 2.2 லட்சத்தை மிச்சப்படுத்தும். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள கல்லூரியில் தொழிற்கல்வி படிப்பவர் என்றால் அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. ஆனால் வருமானச் சான்றிதழோடு வங்கியில் கேட்டால்தான் கிடைக்கும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு, எட்டு லட்ச வருமானம் வரை 3 சதவீத வட்டித் தள்ளுபடி தருகிறது. இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில், கரும்பலகையில், அந்த மாணவரின் சொந்தக் கடன் தொகையைப் போட்டே சொல்லிக்கொடுத்துவிடலாம். சேர்க்கை நடக்கும் வாரத்தில் செய்தால் அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு லட்ச ரூபாய்க் கணக்கில் இருக்கும். மூன்றாம் ஆண்டில் செய்தால் அது வெறும் வட்டிக் கணக்கு.

நிதிக் கல்விக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் கனமானது சட்டப் பேராசிரியர் லாரன் வில்லிஸ் 2008இல் வைத்தது. நிதிப் பொருள்களை உருவாக்கும் நிறுவனங்களிடம் பணமும் ஆளும் நேரமும் கொட்டிக்கிடக்கின்றன. ஒரு வகுப்பறை அவர்களோடு ஓடி ஜெயிக்க முடியாது. போதாததற்கு, ‘கற்றுக்கொடுத்துவிட்டோம்’ என்ற சாக்கில் அரசு தன் கட்டுப்பாட்டுக் கடமையைத் தட்டிக்கழிக்கும், ஏமாந்தவரையே குற்றவாளியாக்கும். இந்த வாதத்தில் பாதிக்குமேல் உண்மை என்றே தோன்றுகிறது. பதினைந்து நாளைக்கு 5,000 ரூபாய் கடன் என்று சொல்லி, 1,000 ரூபாயைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டு 4,000 தரும் செயலி ஆண்டுக்கு ஏறத்தாழ 600 சதவீத வட்டி வாங்குகிறது. அதை ஒழிக்க வேண்டியது காவல்துறையும் ரிசர்வ் வங்கியும். மாணவரின் விழிப்புணர்வு அல்ல. ஆன்லைன் பணச் சூதாட்டத்துக்குத் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது, மத்திய அரசு 2025இல் நாடு முழுவதும் தடை கொண்டுவந்தது. ‘பொறுப்பாக விளையாடுங்கள்’ என்ற விளம்பர வாசகங்கள் சாதிக்காததைத் தடை சாதிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் சட்டமும் கல்வியும் ஒன்றுக்கொன்று மாற்று என்று வில்லிஸின் வாதம் கொள்ளும் இடத்தில் நான் உடன்படவில்லை. 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை என்ற தாளை வங்கியும் நிதி நிறுவனமும் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்கள் உட்பட எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டுச் சதவீத வீதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். பைக் வாங்கப்போகிறவரிடம் கடைக்காரர் ‘10 பர்சென்ட் ஃப்ளாட்’ என்கிறார். லட்ச ரூபாய்க்கு மாதம் 5,000 வீதம் 24 தவணை. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி 18 சதவீதத்துக்கும் மேல். அந்தத் தாளில் 18 என்றே அச்சாகியிருக்கும். எந்தப் பக்கத்தில், எந்த வரியில் பார்க்க வேண்டும் என்று தெரியாதவருக்குச் சட்டம் கொடுத்த அந்தத் தாள் வெறும் காகிதமாகவே போகிறது. சட்டம் உரிமையைத் தரும். அதைக் கேட்டு வாங்க ஒருவர் பழக்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் நெருக்கமானது: இல்லாதவனிடம் சேமிப்பைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம்? இதற்கான சான்று நம் மண்ணிலிருந்தே வந்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளின் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தது. கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய நாள்களில் அதே விவசாயி சிந்தனைத் தேர்வுகளில் குறைவாகவே எடுத்தார். பற்றாக்குறையே மனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தவறான முடிவுக்குக் காரணம் அறியாமையாகவோ ஒழுக்கக் குறைவாகவோ இருக்க வேண்டியதில்லை. செமஸ்டர் கட்டணத்துக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது அந்த மாணவரும் அதே நிலையில்தான் இருப்பார். காபி குடிப்பதை நிறுத்தினால் கோடீஸ்வரனாகலாம் என்ற வகை உபதேசங்கள் அவரை அவமதிப்பவை. வருமானத்தைச் சரியாக மூன்றாகப் பிரித்துச் செலவு செய்யச் சொல்லும் வெளிநாட்டுச் சூத்திரங்களும் அப்படித்தான்.

அதே சமயம், இல்லாதவர்களின் கையில் பணம் புழங்குவதே இல்லை என்று நினைப்பதும் தவறு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாகவும் தாலிக்குத் தங்கமாகவும் தரப்பட்டுவந்த தொகை, 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களின் சொந்த வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுகிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆண்களுக்கும் அதை நீட்டியது. (கல்யாணச் செலவுக்கு என்று வைத்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பியதே ஓர் அரசு செய்யக்கூடிய ஆகச் சிறந்த நிதித் திட்டமிடல் என்று சொல்லத் தோன்றுகிறது.) மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் அது 36,000 ரூபாய். தொடர் வைப்பில் முழுவதும் போட்டால் இன்றைய வட்டியில் 40,000-க்குச் சற்றுக் குறைவாக வரும். பெரும்பாலோரால் முழுவதும் போட முடியாது. தேர்வுக் கட்டணமும் பேருந்தும் சாப்பாடும் அதைத் தின்றுவிடும், வீட்டுக்கும் கொஞ்சம் போகும். அதனால் என்ன? கணக்கு யார் பெயரில் இருக்கிறது, ஏடிஎம் அட்டை யார் கையில் இருக்கிறது, குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் பிடிக்கிறார்களா, வாரிசு நியமனம் செய்திருக்கிறதா, ஓடிபி கேட்டு வந்த அழைப்பு யாருடையது என்ற கேள்விகள் ஒவ்வொன்றும் அந்த ஆயிரம் ரூபாயை வைத்தே கற்றுக்கொடுக்கக்கூடியவை. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் வங்கிக் கணக்கை முன்பின் தெரியாதவருக்கு வாடகைக்கு விடுகிற மாணவர், சைபர் மோசடி வழக்கில் போய்ச் சிக்குகிறார். மோசடி நடந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930 என்பதை நினைவில் பதியவைக்க, பணம் வந்து விழும் நாளைவிட நல்ல நாள் கிடையாது.

இதெல்லாம் வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டியது, கல்லூரிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வீடு சொல்லிக்கொடுக்காமல் இல்லை. ஏலச் சீட்டில் எந்த மாதம் தள்ளி எடுப்பது, நகையை எந்த நெருக்கடிக்கு அடகு வைப்பது, மொய் நோட்டில் எதை எழுதிவைப்பது என்பதில் நம் அம்மாக்களுக்கு இருக்கும் நுட்பம் பல பட்டதாரிகளுக்குக் கிடையாது. சீட்டு எடுத்தவருக்கு உண்மையில் எத்தனை சதவீத வட்டி ஆயிற்று என்று கணினி விரிதாளில் போட்டுப் பார்ப்பது எந்த நிதி வகுப்புக்கும் அருமையான பயிற்சி. நகைக்கடைச் சேமிப்புத் திட்டங்கள் ஏன் பதினொரு மாதத்தோடு முடிகின்றன என்று கேட்டுப் பார்த்தால், ஓராண்டைத் தாண்டிய முன்பணம் வைப்புத்தொகை ஆகிவிடும் என்ற நிறுவனச் சட்ட விதிவரை பேச்சு போகும். ஆனால் வீட்டின் அறிவு ரொக்கமும் தங்கமும் தெரிந்த முகங்களும் இருந்த உலகத்தில் வளர்ந்தது. 2016இல் வந்த யூபிஐக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் வாழும் உலகத்தில் கடன் கொடுப்பவருக்கு முகமே இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரி இருக்கும் வீட்டில் வங்கிப் படிவத்தை நிரப்புவதும், கடன் நோட்டீஸைப் படித்துச் சொல்வதும், அப்பாவின் செல்பேசியில் செயலியை இறக்கித் தருவதும் அந்த மாணவரேதான். அறிவு கீழிருந்து மேலே போகிறது. பிரேசில் சோதனையில் பிள்ளைகளுக்கு நடத்திய பாடத்தால் பெற்றோரின் நிதி அறிவும் சேமிப்பும் உயர்ந்தது பதிவாகியிருக்கிறது. வீடு கல்லூரிக்குச் சொல்லிக்கொடுத்த காலம் மாறி, கல்லூரி மாணவர் வழியாக வீட்டுக்குச் சொல்ல வேண்டிய காலம் இது.

இறுதியாண்டில் வேலை ஆணை கைக்கு வரும் மாதம் அடுத்த தருணம். ஆண்டுக்கு 3.5 லட்சம் சிடிசி என்றால் மாதம் 29,000 வரும் என்று குடும்பமே கணக்குப் போடுகிறது. நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு, பணிக்கொடைக்கு ஒதுக்குவது, காப்பீட்டுத் தொகை எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஊழியரின் பிஎஃப் பங்கும் தொழில் வரியும் போனால் கையில் வருவது 24,000-க்கு அருகில் நிற்கும். மேலே பார்த்த 7,136 ரூபாய்த் தவணை அதில் முப்பது சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டவர் முதல் மாதத்திலேயே தவணையில் விலையுயர்ந்த செல்பேசி வாங்கத் தயங்குவார். வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுத்துவிடாமல் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வது, பணிப் பத்திரத்தில் எத்தனை ஆண்டு கட்டுப்பாடு என்று படிப்பது, முன்பணம் கேட்கும் ‘பேக்டோர்’ வேலைகளை அடையாளம் காண்பது எல்லாம் இதே வாரத்தில் வர வேண்டியவை. வரி மிச்சம் என்று சொல்லி உறவினர் ஒருவர் மார்ச் மாதம் பாலிசி விற்க வருவார். புதிய வரி முறையில் 12 லட்ச ரூபாய் வருமானம் வரை சம்பளக்காரருக்கு 2025-26 முதல் வரியே இல்லை, அந்த முறையில் பாலிசிக்குக் கழிவும் இல்லை என்பது தெரிந்திருந்தால் பேச்சு அங்கேயே முடியும். வாங்கியே விட்டாலும் முப்பது நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறது.

இப்படித் தருணத்துக்குத் தருணம் கற்பிப்பதற்கு ஆள் எங்கே என்பது நடைமுறைக் கேள்வி. அகமதாபாத்தில் ஷான் கோல் உள்ளிட்டோர் நகர்ப்புறக் குடும்பங்களிடம் நடத்திய சோதனையில் நிதிக் கல்விக் காணொளிகள் மட்டும் நடத்தையை மாற்றவில்லை. இலக்கு ஒன்றைக் குறித்துக்கொள்ளச் செய்ததும் தனித்தனியாக அமர்ந்து ஆலோசனை சொன்னதும் சேர்ந்தபோது மாற்றம் வந்தது. டொமினிக்கன் குடியரசில் சிறு வணிகர்களுக்கு முழுக் கணக்கியல் பயிற்சி தந்ததைவிட, கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனி இழுப்பறையில் வை என்பது போன்ற எளிய விதிகளைத் தந்தது நன்றாக வேலை செய்தது. இரண்டும் நமக்குச் சொல்வது ஒன்றுதான்: பெரிய அரங்கமும் சான்றிதழும் தேவையில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசும் ஒருவர் தேவை. நாக் தர மதிப்பீட்டுக்காக எல்லாக் கல்லூரிகளும் ஓர் ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்று வழிகாட்டி ஏற்பாட்டைக் காகிதத்தில் வைத்திருக்கின்றன. அதை உயிரோடு பயன்படுத்த இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆசிரியர்களில் பலர் தொகுப்பூதியத்தில் அடுத்த ஆண்டு நிச்சயமில்லாமல் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள். நீண்டகால நிதித் திட்டமிடலை அவர்கள் நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் உள்ள முரணை உயர்கல்வித் துறை ஒருநாள் பேசித்தான் ஆக வேண்டும்.

ஆசிரியர் இல்லாத இடத்தை நிரப்ப விற்பவர்கள் காத்திருக்கிறார்கள். முதலீட்டாளர் விழிப்புணர்வு என்ற பதாகையின் கீழ் தரகு நிறுவனத்தின் ஆளும், காப்பீட்டு முகவரும், கடன் அட்டைக்கு விண்ணப்பம் வாங்கும் வங்கி ஊழியரும் கல்லூரி அரங்குக்குள் எளிதாக நுழைகிறார்கள். செலவில்லாமல் ஒரு நிகழ்ச்சி நடந்தது என்று கல்லூரியும் படம் எடுத்து அறிக்கையில் சேர்த்துக்கொள்கிறது. கற்பிப்பதற்கும் விற்பதற்கும் இடையே கோடு போடும் வேலையைச் செபி தொடங்கிவிட்டது. பங்குச் சந்தைக் கல்வி என்ற பெயரில் பேசுபவர் கடந்த மூன்று மாத விலைகளைக் காட்டிப் பேசக்கூடாது என்று 2025 ஜனவரியில் அது உத்தரவிட்டது. நேற்றைய விலையைக் காட்டிப் பாடம் நடத்துபவர் பாடத்தைத் தவிர வேறேதோ நடத்துகிறார் என்பதே அதன் பொருள். கல்லூரி இன்னும் கடுமையாக இருக்கலாம்: கமிஷன் வாங்கும் எவரும் வகுப்பு எடுக்கக்கூடாது, எந்த நிறுவனத்தின் சின்னமும் மேடையில் கூடாது, கூட்டத்தில் மாணவர்களின் செல்பேசி எண்ணை யாரும் வாங்கக்கூடாது. தேசிய மையமும் ரிசர்வ் வங்கியும் தரும் கையேடுகள் இலவசம். வட்டிக் கணக்கை நடத்தக் கணிதத் துறையில் ஆள் இருக்கிறார், ஒப்பந்தத்தைப் படித்துக் காட்ட வணிகவியல் துறையில் ஆள் இருக்கிறார்.

மதிப்பெண் வைத்துத் தேர்வு நடத்தும் இன்னொரு தாளாக இதை மாற்றிவிட வேண்டாம் என்பதே பல்கலைக்கழகப் பாடக்குழுக்களிடம் வைக்க வேண்டிய வேண்டுகோள். அப்படி ஆனால் எட்டாம் வகுப்பு இயலின் கதிதான் அதற்கும். கல்விக் கடன் விண்ணப்பத்தில் கல்லூரி தரும் சேர்க்கைச் சான்றிதழ் இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது. அந்தச் சான்றிதழை வாங்க மாணவரும் பெற்றோரும் அலுவலகத்துக்கு வரத்தான் வேண்டும். அன்று அவர்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்து அவர்களுடைய கடனை அவர்கள் கண்முன்னே கணக்கிட்டுக் காட்டச் சட்டத் திருத்தமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த சேர்க்கைக்கே இதைத் தொடங்கலாம்.